பழைய இராணுவக் கத்திகளும் கருவிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் தமிழ்க் குடும்பங்கள் பழைய வீட்டைக் காலி செய்யும்போது, கட்டிலுக்கடியிலிருந்து ஒரு தகரப்பெட்டி வெளியே வருவதுண்டு. அதில் ஒரு மடக்குக்கத்தி, இரண்டு ஸ்பானர், சில நேரம் ஒரு பாராங் (நீண்ட மலாய் வெட்டுக்கத்தி) இருக்கும். அவற்றைக் கொண்டுவந்து காட்டுகிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

தாத்தா வைத்திருந்த மடக்குக்கத்தி இராணுவத்தில் கொடுத்ததா, கடையில் வாங்கியதா? எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் அம்புக்குறியைத் தேடுங்கள். மூன்று சிறு கோடுகள் ஒரே புள்ளியில் கூடி, கோழிக்கால் தடம்போல் இருக்கும். பொருள் பிரிட்டிஷ் அரசின் உடைமை என்பதற்கு இடப்பட்ட முத்திரை அது. அலகை முழுவதும் விரித்து, அது பிடிக்குள் நுழையும் இடத்தை ஒட்டிய தட்டையான பகுதியை இரண்டு பக்கமும் பாருங்கள். அங்கே இல்லையென்றால் டின் திறக்கும் அலகின் அடியையும் பிடியின் பக்கங்களையும் பாருங்கள். ஸ்பானர் என்றால் நடுத்தண்டிலும், மண்வெட்டி என்றால் காம்பு செருகும் குழலின் அருகிலும் முத்திரை இருக்கும்.

அம்போடு தயாரித்தவர் பெயரும் ஆண்டும் சேர்ந்திருந்தால் ஐயத்துக்கு இடமில்லை. போர்த்துறையைக் குறிக்கும் டபிள்யூ.டி. என்ற எழுத்துகளும் சிலவற்றில் இருக்கும். கடற்படைக்கும் வேறு சில அரசுத் துறைகளுக்கும் இதே அம்பு பயன்பட்டிருப்பதால், அம்பு மட்டும் இருந்தால் "அரசு வாங்கியது" என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே சரி.

துரு ஏறி எழுத்தே தெரியவில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். முத்திரையின் பள்ளம் மயிரிழை ஆழமே இருக்கும். உப்புத்தாளும் கிரைண்டரும் துருவோடு அந்தப் பள்ளத்தையும் எடுத்துவிடும். போன எழுத்து திரும்பாது.

தையல் மிஷின் எண்ணெயை இரண்டு சொட்டு விட்டு ஓர் இரவு ஊற வையுங்கள். மறுநாள் பழைய பல் துலக்கும் பிரஷால் மெல்லத் தேய்த்து, பருத்தித் துணியால் துடையுங்கள். பிறகு அறையின் விளக்கை அணைத்துவிட்டு, கைவிளக்கை மேசையோடு ஒட்டிப் படுக்க வைத்தாற்போல் பிடித்து, ஒளி உலோகத்தின்மேல் பக்கவாட்டில் விழும்படி செய்யுங்கள். நேர் வெளிச்சத்தில் வெறும் இரும்பாகத் தெரிந்த இடத்தில் எழுத்தின் ஓரங்கள் நிழலாக எழும்பும். கத்தியைச் சிறிது சிறிதாகத் திருப்பிக்கொண்டே கைப்பேசியில் பல படங்கள் எடுங்கள். ஒரு படத்தில் பாதி எழுத்து தெரியும், அடுத்த படத்தில் மீதி தெரியும். மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேய்ப்பதும் சில நேரம் உதவும்.

அம்புக்குப் பக்கத்தில் வேறு எழுத்துகளும் இருக்கின்றன. எந்த நாட்டுடையது?

அம்பின் இரு பக்கமும் டி என்ற ஆங்கில எழுத்து இருந்தால் ஆஸ்திரேலியா. சி எழுத்தின் வளைவுக்குள் அம்பு இருந்தால் கனடா. யு எழுத்துக்குள் இருந்தால் தென்னாப்பிரிக்கா. அம்போடு ஐ என்ற எழுத்து சேர்ந்திருந்தால் பிரிட்டிஷ் ஆட்சிக்கால இந்தியா. பினாங்குப் பக்கத்தில் ஆஸ்திரேலியக் குறி கிடைப்பதில் வியப்பில்லை. 1950-களின் நடுவிலிருந்து 1988 வரை பட்டர்வொர்த் விமானத்தளம் ஆஸ்திரேலிய விமானப்படையின் பொறுப்பில் இருந்தது. சுற்றுவட்டாரத்துத் தமிழர்கள் பலர் அங்கே வேலை பார்த்தார்கள்.

இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டி நின்றால், அந்தப் பொருளை அரசு தன் கணக்கிலிருந்து நீக்கி விற்றுவிட்டது என்று பொருள். இதைக் கண்டால் மகிழுங்கள். "இராணுவச் சாமானை எங்கள் வீட்டில் யாராவது திருடி வந்திருப்பார்களோ" என்று தயங்கித் தயங்கிக் கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு இந்த முத்திரையே விடை. ஆனால் விற்கப்பட்ட எல்லாப் பொருளிலும் இது அடிக்கப்படவில்லை. ஆகவே இரட்டை அம்பு இல்லாததை வைத்து யாரையும் சந்தேகிக்க வேண்டாம்.

கத்தியின் முதுகுப்பக்கத்தில் தடித்த ஊசி ஒன்று மடங்கியிருக்கிறது. குதிரைக் குளம்பில் கல் எடுப்பதற்கா?

அப்படித்தான் பலரும் சொல்வார்கள். அது கயிற்று வேலைக்கான ஊசி. முறுக்கிய கயிற்றின் புரிகளைப் பிரித்து இன்னொரு கயிற்றைக் கோத்துப் பின்னவும், நனைந்து இறுகிப்போன முடிச்சைத் தளர்த்தவும் அது பயன்படும். கூடாரமும் சுமையும் கயிற்றால் கட்டப்பட்ட காலத்தில் ஒவ்வொரு சிப்பாய்க்கும் அது தேவைப்பட்டது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பிரிட்டிஷ் மடக்குக்கத்தியைக் கையில் எடுத்தால், முதலில் அதன் கனம் தெரியும். பிடியின் இரு பக்கமும் கட்டம்கட்டமாகக் கீறிய கறுப்புத் தகடு. வியர்த்த கையிலும் வழுக்காது. அலகின் வெட்டும் ஓரம் நேர்கோடாகப் போகும்; முதுகுதான் முனையருகே வளைந்து இறங்கும். அதனால் கூரான முனை கிடையாது. கயிற்றையும் தோல் வாரையும் அறுப்பதற்கு அந்த நேர்கோடு பொருத்தம். கை தவறினாலும் குத்தாது. பக்கத்தில் டின் திறக்கும் அலகு. ஒரு முனையில் கயிறு கட்ட உலோக வளையம். பலவற்றில் பிடியின் அடிமுனை திருப்புளிபோல் தட்டையாக நீண்டிருக்கும். போருக்குப் பிந்தியவற்றில் கறுப்புத் தகடு மறைந்து, பிடியும் துருப்பிடிக்காத எஃகாக வந்தது. இந்த ஒரு மாற்றத்தை வைத்தே போர்க்காலமா பிற்காலமா என்று ஓரளவு பிரித்துவிடலாம்.

அலகில் கிரீடமும் ஜி.ஆர். என்ற எழுத்தும் இருக்கிறதே. அது மன்னருடைய இராணுவம்தானே?

அதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல இயலாது. ஷெஃபீல்டு நகரத்தின் ஜோசப் ராஜர்ஸ் போன்ற பெரிய நிறுவனங்கள் அரண்மனைக்குப் பொருள் வழங்கும் உரிமை பெற்றிருந்ததால், மன்னர் அல்லது அரசியின் முதலெழுத்துகளைக் கிரீடத்தோடு தங்கள் வணிகக் கத்திகளிலும் அடித்தன. விக்டோரியா காலத்தில் வி.ஆர்., ஜார்ஜ் மன்னர்கள் காலத்தில் ஜி.ஆர். அந்தக் கத்திகள் கடையில் யாருக்கும் கிடைத்தன.

கிரீடத்தின் கீழே ஓர் எண்ணும் எழுத்தும் மிகச் சிறிதாக இருந்தால் அது வேறு. பொருளைச் சோதித்து ஏற்றுக்கொண்ட அரசு ஆய்வாளரின் முத்திரை அது. பெரும்பாலும் அம்போடு சேர்ந்தே வரும். இரண்டையும் அளவை வைத்துப் பிரித்தறியலாம்: வணிக முத்திரை கண்ணில் படவேண்டும் என்று பெரிதாக அடிக்கப்பட்டது, ஆய்வாளர் முத்திரை தேடினால்தான் தெரியும்.

அம்பே இல்லை, ஆனால் நீளமாக எண்கள் இருக்கின்றன. இது என்ன?

அது நேட்டோ என்ற மேற்கத்திய இராணுவக் கூட்டணியின் முறைப்படி பொருளுக்கு இடப்படும் இருப்பு எண். 13 இலக்கங்கள் இருக்கும். முதல் நான்கு பொருளின் வகை: 7340 என்றால் உணவு மேசைக் கத்தி, கரண்டி வகை, 5110 என்றால் வெட்டும் ஓரமுள்ள கைக்கருவி, 5120 என்றால் வெட்டும் ஓரமில்லாத கைக்கருவி. அடுத்த இரண்டு இலக்கங்கள் அந்தப் பொருளைப் பட்டியலில் சேர்த்த நாட்டைக் காட்டும்: 99 பிரிட்டன், 66 ஆஸ்திரேலியா, 98 நியூசிலாந்து, 00 அல்லது 01 அமெரிக்கா, 34 மலேசியா, 32 சிங்கப்பூர். அமெரிக்கப் பொருளில் 11 இலக்கங்களே இருந்தால் அது 1974-க்கு முந்திய பழைய எண்முறை.

எனவே இந்த எண் உள்ள பொருளை உலகப்போரோடு இணைக்காதீர்கள். மலாயா அவசரகாலத்தின் (1948–1960) பிற்பகுதியோ, 1963 முதல் 1966 வரை நடந்த இந்தோனேசிய மோதலோ, அதற்கும் பிந்திய காலமோ ஆகலாம்.

அப்பாவின் சிவப்பு சுவிஸ் கத்தியை "ஆர்மி கத்தி" என்றுதான் சொல்வோம். அது உண்மையான இராணுவக் கத்தியா?

சிவப்புப் பிடியும் திருகு திறப்பானும் உள்ளது 1897-இல் காப்புரிமை பெற்ற வணிக வடிவத்தின் வழிவந்தது. சுவிஸ் சிப்பாய்க்கு வழங்கப்பட்டது அதுவல்ல. 1961-ஆம் ஆண்டு மாதிரியில் சிப்பாயின் கத்திக்கு வெள்ளி நிற அலுமினியப் பிடி, அதில் சிவப்புக் கேடயத்துக்குள் வெள்ளைச் சிலுவை. அலகின் அடியில் 63, 78 என்று இரண்டு இலக்கங்கள் இருக்கும். அது தயாரிப்பு ஆண்டு. விக்டோரினாக்ஸ், வெங்கர் இரண்டு நிறுவனங்களும் செய்தன.

அமெரிக்கக் கத்திகளில் இங்கே கண்ணில் படுவது முழுவதும் எஃகால் ஆனது. பிடியில் யு.எஸ். என்று பெரிதாக இருக்கும். அலகின் அடியில் கமில்லஸ் போன்ற தயாரிப்பாளர் பெயரும் ஆண்டும் இருக்கும். மரப்பிடியும், ஓர் அலகும், விரித்தால் பூட்டிக்கொள்ளும் திருப்புளி ஒன்றும் இருந்து டி.எல்.29 என்று எழுதியிருந்தால், அது தொலைதொடர்புப் பிரிவின் மின்பணியாளர்களுக்கென்று செய்யப்பட்டது.

3/8 என்று போட்ட ஸ்பானர் 3/8 அங்குல நட்டில் சேரவில்லை. போலியா?

போலி இல்லை. பழைய பிரிட்டிஷ் ஸ்பானரில் உள்ள எண் போல்ட் தண்டின் விட்டத்தைக் குறிக்கும். வாயின் அகலத்தை அல்ல. விட்வொர்த் என்ற அந்தப் பழைய பிரிட்டிஷ் மரை முறையில் 3/8 என்று எழுதிய ஸ்பானரின் வாய் 0.71 அங்குலம், ஏறக்குறைய 18 மில்லிமீட்டர். பின்னால் வந்த முறையில் 3/8 என்றால் வாயே 3/8 அங்குலம், அதாவது 9.5 மில்லிமீட்டர். எண்ணுக்குப் பக்கத்தில் டபிள்யூ அல்லது பி.எஸ். என்ற எழுத்து இருந்தால் பழைய முறை, ஏ.எஃப். என்று இருந்தால் பிந்திய முறை. ஒரே வாயில் 3/8 டபிள்யூ, 7/16 பி.எஸ். என்று இரண்டு அளவுகள் எழுதியிருப்பதும் பிழையன்று. இரண்டு மரைவகைகளுக்கும் அதே அறுகோணத் தலை பொருந்தும்.

இதில் ஒரு வரலாறும் இருக்கிறது. போர்க்காலத்தில் அமெரிக்க உதிரிப்பாகமும் பிரிட்டிஷ் வண்டியும் ஒன்றோடொன்று சேராமல் பெரும் தொல்லையானதால், 1948-இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் ஒரே மரை அளவுக்கு உடன்பட்டன. உங்கள் பெட்டியில் இரண்டு வகை ஸ்பானரும் கலந்திருந்தால், அவற்றைப் பயன்படுத்தியவர் பழைய வண்டிகளிலும் புதிய வண்டிகளிலும் கைவைத்தவராக இருக்க வாய்ப்பு மிகுதி. தாத்தா பட்டறையில் என்ன வேலை பார்த்தார் என்று யாருக்கும் தெரியாத குடும்பத்தில், இந்த ஸ்பானர்கள் ஒரு நல்ல தடயம்.

தோட்டத்தில் பயன்படுத்திய பாராங்கில் முதலைப் படம் இருக்கிறது. இராணுவத்துடையதா?

முதலை, பர்மிங்காம் நகரத்து மார்ட்டின்டேல் நிறுவனத்தின் அடையாளம். அவர்கள் படைக்கும் கொடுத்தார்கள், உலகெங்கும் தோட்டங்களுக்கும் விற்றார்கள். எனவே முதல் பதிலில் சொன்ன அம்பும் ஆண்டும் இருந்தால் படைக்கு வழங்கியது. முதலை மட்டும் என்றால் தோட்டத்து ஸ்டோரில் வாங்கியதாகவே கொள்ளலாம். அதனால் அதன் மதிப்புக் குறையாது. ரப்பர் காட்டில் லாலாங் புல் வெட்டிய பாராங்கும் போற்றிவைக்க வேண்டிய பொருள்தான்.

சிங்கமுகப் பித்தளைப் பிடியோடு ஒரு குக்ரி (கூர்க்காக்களின் வளைந்த கத்தி) இருக்கிறது. கூர்க்கா வீரர் கொடுத்தது என்கிறார்கள்.

கூர்க்கா வீரர் ஒருவர் கொடுத்திருக்கலாம். ஆனால் படை அவருக்கு வழங்கிய குக்ரி அதுவாக இருக்காது. சிங்கமுகப் பிடியுள்ளவை நினைவுப்பரிசாக விற்பதற்குச் செய்யப்பட்டவை. இரண்டாம் உலகப்போரில் வழங்கப்பட்டவை அலங்காரமில்லாதவை: மரப்பிடி, கடைசியில் எஃகுத் தகடு, அலகில் அம்பும் ஆண்டும்.

தாத்தா நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் இருந்தார். ஆனால் அவருடைய கத்தியில் பிரிட்டிஷ் அம்பு இருக்கிறது. அப்படியென்றால் கதை பொய்யா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களின் முகத்தில் இருக்கும் கலக்கத்தை நான் அறிவேன். கதைக்கும் அம்புக்கும் முரண் இல்லை. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தபோது பிரிட்டிஷ் படையின் ஆயுதங்களும் கிடங்குகளும் ஜப்பானியர் வசமாயின. இந்திய தேசிய இராணுவம் பெரும்பாலும் அப்படிக் கைப்பற்றப்பட்ட பிரிட்டிஷ் ஆயுதங்களையும் சாமான்களையும் கொண்டே நடத்தப்பட்டது. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திரபோஸ் சிங்கப்பூருக்கு வந்த பின், மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவரிடம் அம்புக்குறி போட்ட கத்தி இருந்திருப்பது இயல்பே.

அதே அளவு நேர்மையோடு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்தக் கத்தி 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பிய பின் வந்த சாமான்களிலிருந்தும் கிடைத்திருக்கலாம். மிண்டன் முகாமில், அதாவது இன்றைய மலேசிய அறிவியல் பல்கலைக்கழக வளாகத்தில், வேலை பார்த்த உறவினர் கொடுத்ததாகவும் இருக்கலாம். முத்திரை, பொருளை முதலில் வாங்கியது யார் என்று மட்டும் சொல்லும். அதற்குப் பிறகு எந்தக் கையில் இருந்தது என்பதைச் சொல்ல மனிதர்கள்தான் வேண்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கத்தியில் உள்ள ஆண்டு 1944 என்றால், அது 1942-இல் சிங்கப்பூரில் பிடிபட்ட கிடங்கிலிருந்து வந்திருக்க முடியாது. அப்போதும் பொய்யென்று முடிவு கட்டாதீர்கள். தாத்தா படையில் இருந்ததும் உண்மை, கத்தி பிறகு கைக்கு வந்ததும் உண்மை என்றிருக்கலாம். கேட்டவர்கள் இரண்டையும் பின்னாளில் ஒன்றாக்கிவிடுவதுண்டு.

அப்படியானால் இதையெல்லாம் எப்படி எழுதி வைப்பது?

மூன்று தனித்தனிப் பத்திகளாக எழுதுங்கள். முதலாவதில் கண்ணால் காண்பது: நீளம், பிடியின் பொருள், முத்திரைகள் இருக்கும் இடம், தெரியாத எழுத்துக்குப் பதில் ஒரு புள்ளி. இரண்டாவதில் குடும்பத்தார் சொல்வது: யார் சொன்னார், எந்த நாளில் சொன்னார், அவருக்கு அது எப்படித் தெரியும். பெரியவர் "ஜப்பான்காரன் காலத்துல" என்று சொன்னால் அப்படியே எழுதுங்கள். நீங்களாக "1943" என்று மாற்றாதீர்கள். மூன்றாவதில் உங்கள் ஊகம். ஊகம் என்று தலைப்பிட்டே எழுதுங்கள்.

இந்தத் தாளின் ஒரு படி பொருளோடும் இன்னொரு படி வேறோர் இடத்திலும் இருக்கட்டும். பொருளில் பருத்தி நூலால் ஒரு சீட்டைக் கட்டுங்கள். அலகில் பெயர் பொறிப்பதும் ஒட்டுத்தாள் ஒட்டுவதும் வேண்டாம். பெரியவர் உயிரோடு இருந்தால் கத்தியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். கையில் பொருள் வந்ததும் விரல்கள் தாமாக அலகை விரிக்கும். எந்த அலகால் என்ன செய்தார் என்பது அப்போதுதான் பேச்சில் வரும். வெறும் கேள்விகளால் அது கிடைப்பதில்லை.

தேங்காய் எண்ணெய் தடவி, தோலுறையில் போட்டு வைத்தால் போதுமா?

இரண்டும் கெடுதல். தேங்காய் எண்ணெய் நாளடைவில் சிக்கெடுத்து அமிலமாகும். பித்தளைப் பகுதிகளில் பச்சைக் களிம்பு பிடிக்கும். தோலுறை நம் ஊர் ஈரத்தை உறிஞ்சி அலகோடு ஒட்ட வைத்திருக்கும். கனிம எண்ணெயை மெல்லிய படலமாகப் பூசி, உறையைத் தனியாகவும் கத்தியைத் தனியாகவும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். செல்லுலாய்டு பிடியுள்ள பழைய பேனாக்கத்தி இருந்தால் அதை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். அது சிதையும்போது வெளிவரும் வாயு பக்கத்திலுள்ள கத்திகளையும் துருப்பிடிக்க வைக்கும்.

பினாங்கின் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் அம்புக்குறி போட்ட கத்தி விற்கிறார்கள். நம்பி வாங்கலாமா?

நல்ல பொருளும் கிடைக்கும், பின்னாளில் அம்பு அடிக்கப்பட்டதும் கிடைக்கும். இரண்டாவது பதிலில் சொன்னபடி பக்கவாட்டு ஒளியில் பாருங்கள். பழைய முத்திரையின் பள்ளத்துக்குள்ளும் சுற்றிலும் ஒரே நிறத்தில் பழுப்பு ஏறியிருக்கும். புதிதாக அடித்ததில் பள்ளத்தின் அடி பளபளக்கும், அல்லது துருவை உடைத்துக்கொண்டு இறங்கியிருக்கும். ஆண்டும் பொருளும் ஒத்துப்போகின்றனவா என்றும் பாருங்கள்: முழுவதும் எஃகாலான பிற்கால வடிவத்தில் 1915 என்றிருந்தால் விட்டுவிடுங்கள்.

இவற்றை வீட்டில் வைத்திருப்பது குற்றமா?

வெளியே கொண்டுபோவதில்தான் எச்சரிக்கை தேவை. மலேசியாவில் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, தக்க காரணமின்றி ஆபத்தான ஆயுதத்தைப் பொது இடத்தில் வைத்திருப்பதைச் சிறையும் பிரம்படியும் கிடைக்கக்கூடிய குற்றமாக்கியிருக்கிறது. காண்பிக்கவோ பழுதுபார்க்கவோ கொண்டுபோனால் சுற்றிக் கட்டிப் பெட்டியில் பூட்டி எடுத்துச் செல்லுங்கள். காரின் இருக்கைக்கடியில் போட்டு மறந்துவிடாதீர்கள். பெட்டியில் தோட்டாவோ, குண்டுபோன்ற எதுவோ இருந்தால் கதையே வேறு. அதைத் தொடாமல், கழுவாமல், கொண்டுபோகாமல், காவல்துறையை வீட்டுக்கு அழையுங்கள்.

தம்பி அதே மாதிரிக் கத்தி ஒன்றைச் சந்தையில் வாங்கினான். இரண்டும் ஒரே பெட்டியில் கலந்துவிட்டன, இரண்டிலும் 1943. தாத்தாவுடையது எது?

முத்திரை இங்கே உதவாது, தேய்மானம் உதவும். தாத்தா இடக்கைக்காரரா என்று கேளுங்கள். கல்லில் தீட்டும்போது ஒரு பக்கம் கூடுதலாக அழுத்தும் பழக்கம் இருந்தால் அலகின் ஒரு முகம் மற்றதைவிட அதிகம் தேய்ந்திருக்கும். கயிற்றில் கட்டி இடுப்பில் தொங்கவிட்டவர் என்றால் வளையத்தின் உட்புறம் ஓர் இடத்தில் மெலிந்திருக்கும். டின் திறக்கும் அலகு புத்தம்புதிதாக இருந்து, வெட்டும் அலகு பாதியாகக் குறைந்திருந்தால், அதை வைத்திருந்தவர் படைமுகாமைவிடத் தோட்டத்தில் நெடுங்காலம் பயன்படுத்தியிருக்கலாம். பழைய புகைப்படங்களில் அவர் இடுப்பில் கத்தி தெரிகிறதா என்றும் பெரிதாக்கிப் பாருங்கள்.

பிறகு அத்தை, சித்தப்பா என்று கத்தியைக் கண்டிருக்கக்கூடிய ஒவ்வொருவரையும் தனித்தனியே கேளுங்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்டுவிடக்கூடாது. கத்திகளைக் காட்டுவதற்கு முன்பே, அதில் உடைசல், கீறல், கட்டியிருந்த நூலின் நிறம் ஏதாவது நினைவிருக்கிறதா என்று விசாரியுங்கள். இத்தனைக்கும் பின் தெளிவாகவில்லை என்றால், இரண்டு கத்திகளிலும் சீட்டுக் கட்டி, "இவ்விரண்டில் ஒன்று தாத்தாவுடையது" என்று எழுதி, கேட்டவர்களின் பதில்களையும் சேர்த்து ஒன்றாகவே வையுங்கள். எது என்று நீங்களே தீர்மானித்து மற்றதை விற்றுவிட வேண்டாம்; நாளைக்கு உறவினர் வீட்டுப் பெட்டி ஒன்றிலிருந்து தெளிவான புகைப்படம் வரக்கூடும்.